வாங்காமல் விட்ட குளிரூட்டி: எம்பயர் ஸ்டேட் கட்டடப் புதுப்பிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பழைய அலுவலகக் கட்டடத்தை இன்றைய வணிகத் தேவைக்கு ஏற்பப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எடுத்துக்காட்டாக வந்து நிற்கும். கூடவே இரண்டு எண்களும் வரும்: ஆற்றல் நுகர்வில் 38 சதவீதக் குறைப்பு, கூடுதல் முதலீடு மூன்று ஆண்டுகளில் மீளும் என்ற கணக்கு. 2009 ஏப்ரலில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட அந்த எண்களில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு தம் கட்டடத்துக்குத் திரும்பும் உரிமையாளர், அதே பணிகளை அதே விலைக்குச் செய்து முடித்தாலும் மூன்று ஆண்டுக் கணக்கை எட்டாமல் போகலாம். ஏனெனில் அந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்துவது, செய்யத் திட்டமிட்டிருந்து பிறகு செய்யாமல் விடப்பட்ட ஒரு பெரிய வேலை. அது எந்த வேலை, அதை விட்டுவிட முடிந்தது எதனால், அப்படி விடுவதற்கு எந்தெந்த வேலைகள் முன்பே நடந்திருக்க வேண்டியிருந்தது என்பவற்றையே இவ்வாய்வு பின்தொடர்கிறது.

கட்டடம் வந்த வழி

1930 மார்ச் 17 அன்று கட்டுமானம் தொடங்கி 1931 மே 1 அன்று திறக்கப்பட்ட 102 மாடிக் கட்டடம் இது. ஷ்ரீவ், லாம்ப் அண்ட் ஹார்மன் நிறுவனம் இதை வடிவமைத்த காலத்தில் அலுவலகங்களுக்குக் குளிரூட்டல் கிடையாது. மின்விளக்கு இருந்தாலும் பகல் முழுவதும் வேலை செய்யப் போதுமான வெளிச்சத்தை அது தராது. ஆகவே வாடகைக்கு விடும் இடம் ஜன்னலிலிருந்து ஏறத்தாழ 28 அடி ஆழத்துக்கு மேல் போகக்கூடாது என்று வடிவமைப்பாளர்கள் வரம்பு வைத்தார்கள். லிப்ட், படிக்கட்டு, கழிப்பறை, குழாய்த் தடங்கள் எல்லாம் நடுவில் ஒடுங்கின. அலுவலக இடம் அவற்றைச் சுற்றி ஓரத்தில் படர்ந்தது. மேலே போகப் போகக் கட்டடம் உள்வாங்கிக் குறுகுவதற்கு நகரத்தின் 1916ஆம் ஆண்டு மண்டல விதிகள் ஒரு காரணம் என்றால், உயரத்தில் லிப்ட் தேவை குறைவதால் நடுப்பகுதி சிறுத்ததும், அதற்கேற்பத் தளமும் சிறுத்து ஜன்னலுக்கும் உள்ளிடத்துக்குமான தூரம் மாறாமல் காக்கப்பட்டதும் இன்னொரு காரணம். இந்த 28 அடியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது பெருமளவில் உதவிக்கு வந்தது.

பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே திறந்த கட்டடம் நீண்ட காலம் காலியாகக் கிடந்து, 1950களில்தான் லாபம் பார்த்தது. அதன் பின்னரும் பெயருக்கு இருந்த மதிப்பு வாடகைக்கு வரவில்லை. தளங்கள் சிறு சிறு அறைகளாகத் துண்டாடப்பட்டு, நூற்றுக்கணக்கான சிறு வணிகர்களிடம் குறுகிய கால ஒப்பந்தங்களில் விடப்பட்டிருந்தன. உரிமையும் சிக்கலாகவே இருந்தது. 2002இல் கட்டடத்தின் முழு உரிமையை மால்கின் குடும்பத்தின் குழு 5.75 கோடி டாலருக்கு வாங்கியது. உலகின் மிகப் புகழ்பெற்ற அலுவலகக் கட்டடத்துக்கு இவ்வளவு குறைந்த விலை எப்படி என்று வியப்பவர்களுக்கு விடை எளிது: 2075 வரை மிகக் குறைந்த வாடகைக்கு அக்கட்டடம் ஏற்கெனவே குத்தகைக்கு விடப்பட்டிருந்தது, அந்தக் குத்தகையும் மால்கின் தரப்பிடமே இருந்தது. நிலமும் குத்தகையும் ஒரே கையில் சேராத வரை பெரிய முதலீட்டைப் பற்றி எவரும் தீவிரமாக யோசித்திருக்க முடியாது. புதுப்பிப்புக்கான முதல் படி ஒரு பத்திரப் பதிவு என்று சொன்னாலும் தகும்.

இந்நிலையில் 50 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்பீட்டில் பெரும் புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை உரிமையாளர் தரப்பு வகுத்தது. பிற்காலத்தில் அது 55 கோடி என்று சொல்லப்பட்டது. அதில் முகப்பு மண்டபம், லிப்ட், கழிப்பறை, நடைபாதை, காட்சி மேடை, குளிரூட்டல் எனப் பலவும் அடங்கும். ஆற்றல் சேமிப்பு அதன் ஒரு பகுதி மட்டுமே என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது.

முகப்பு மண்டபம் பற்றி ஒரு வார்த்தை. கட்டடத்தின் வெளித்தோற்றமும் தரைத்தள மண்டபமும் 1981இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை. 1986இல் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமும் ஆனது. ஆனால் அதற்கு முன்பே, 1960களில், மண்டபத்தின் கூரை ஓவியத்தை மறைத்துப் பொய்க்கூரை ஒன்றை அடித்து, பிளாஸ்டிக் பலகைகளுக்குப் பின்னால் குழல்விளக்குகளைப் பொருத்திவிட்டார்கள். பொய்க்கூரையைத் தாங்க அடித்த துளைகளால் ஓவியம் சிதைந்துபோனதால், அதைச் சீரமைக்க இயலாமல், அலுமினியத் தகட்டிலும் 23 காரட் தங்கத் தகட்டிலும் புதிதாகவே செய்தார்கள். 2009இல் முடிந்த அந்தக் கூரைப் பணிக்குப் பிடித்த காலம் முழுக் கட்டடத்தையும் எழுப்பப் பிடித்த காலத்தைவிட அதிகம். வாடகைதாரரை உள்ளே அழைக்கும் வேலையை மண்டபம் செய்தது. அவரை உள்ளே இருத்திவைக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நடந்தது.

அறுபதிலிருந்து எட்டுக்கு

ஆற்றல் பகுதியை வகுக்க ஐந்து தரப்புகள் ஒன்றாக உட்கார்ந்தன: கட்டட உரிமையாளர், கிளிண்டன் அறக்கட்டளையின் கிளிண்டன் பருவநிலை முன்முயற்சி, கட்டடக் கட்டுப்பாட்டுக் கருவி நிறுவனமான ஜான்சன் கன்ட்ரோல்ஸ், சொத்து மேலாண்மை நிறுவனமான ஜோன்ஸ் லேங் லசால், ஆற்றல் ஆய்வு அமைப்பான ராக்கி மவுண்டன் இன்ஸ்டிடியூட். எட்டு மாத காலம் அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்து, நடைமுறைக்கு ஏற்றவற்றைப் பிரித்தெடுத்து, கடைசியில் எட்டுப் பணிகளைத் தேர்ந்தார்கள். ஒவ்வொரு யோசனையும் தனியாக எவ்வளவு சேமிக்கும் என்பதுடன், ஒன்று நடந்தால் மற்றொன்றின் அளவு எப்படி மாறும் என்பதையும் அம்மாதிரி காட்டியது. மொத்த விஷயத்தின் கரு இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருந்தது.

தேர்வின் அளவுகோல் குறித்துத் தயக்கம் இல்லாமலில்லை. பணக் கணக்கில் மிக உயர்ந்த நிகர மதிப்பைத் தரும் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், தவிர்க்க முடிந்த கரியமில வாயுவில் பெரும்பகுதி தவிர்க்கப்படாமலே போகும். மாறாக, உமிழ்வை இயன்ற அளவு குறைக்கும் தொகுப்பை எடுத்தால் கடைசிச் சில சதவீதத்துக்கு ஆகும் செலவு எந்தச் சேமிப்பாலும் திரும்பி வராது. இரண்டுக்கும் இடையில் ஒரு தொகுப்பை அவர்கள் தேர்ந்தார்கள். 38 சதவீதம் என்ற எண் அங்கிருந்து வந்தது. 15 ஆண்டுகளில் சுமார் 1,05,000 டன் கரியமில வாயு தவிர்க்கப்படும் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். வணிக நோக்கில் எடுத்த இந்த முடிவை ஒளிக்காமல் வெளியே சொன்னது இத்திட்டத்தின் நேர்மைக்குச் சான்று என்றே நான் கருதுகிறேன். பல பசுமைக் கட்டட அறிக்கைகளில் இப்படிப்பட்ட பக்கம் இருப்பதில்லை.

அந்த 38 சதவீதம் எட்டுப் பணிகளுக்கும் பிரிந்த விதம் இது: கட்டுப்பாட்டு அமைப்பு 9, வாடகைதாரர் இடங்களில் விளக்கும் மின்கருவிகளும் 6, ஜன்னல் 5, குளிரூட்டும் நிலையம் 5, காற்றைக் கையாளும் அலகுகள் 5, ரேடியேட்டர் தடுப்பு 3, வாடகைதாரர் ஆற்றல் கண்காணிப்பு 3, தேவைக்கேற்ற காற்றோட்டம் 2. ஒற்றை எண்ணில் எதுவும் பிரமிக்க வைப்பதாக இல்லை.

6,514 ஜன்னல்கள்

எட்டில் அதிகம் பேசப்பட்டது ஜன்னல் வேலை. அதற்குக் காரணமும் உண்டு. கட்டடத்தில் 6,514 ஜன்னல்கள். ஒவ்வொன்றும் மேலும் கீழும் நகரும் இரண்டு சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் இரட்டைக் கண்ணாடி. ஆக, சுமார் 26,000 கண்ணாடித் தகடுகள். 1931இன் அசல் ஜன்னல்கள் முன்பே மாற்றப்பட்டுவிட்டதால் கையில் இருந்தவை ஓரளவு நல்ல நிலையில் இருந்தன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவை வாங்குவது பற்றி ஆரம்பத்தில் எவருக்கும் ஆர்வம் இருக்கவில்லை. இந்த ஆற்றல் ஆய்வுக்கு முன் வகுத்திருந்த பழைய நிதித் திட்டத்தில் ஜன்னல்களுக்கு ஒதுக்கியிருந்தது 4.55 லட்சம் டாலர் மட்டுமே. அதாவது பழுது பார்க்கும் அளவுக்கான தொகை.

அவர்கள் கண்ட வழி மூன்றாவது வழி. ஜன்னலைக் கழற்றி, இரு கண்ணாடிகளையும் பிரித்து, கழுவி, இடையில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சு கொண்ட மெல்லிய படலம் ஒன்றை இழுத்துக் கட்டி, புதிய இடைச்சட்டம் வைத்து, உள்ளே ஆர்கான், கிரிப்டான் வாயுக் கலவையை நிரப்பி அடைத்து, அதே இடத்தில் மீண்டும் பொருத்துவது. பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதத்துக்கு மேல் மீண்டும் பயன்பட்டது. இந்த வேலைக்காகக் கட்டடத்தின் ஐந்தாம் தளத்திலேயே ஒரு தற்காலிகப் பட்டறை அமைத்தார்கள். ஊழியர்கள் வீடு திரும்பிய பின் இரவில் ஜன்னல்களைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து, வேலை முடிந்ததைத் திரும்ப மாட்டினார்கள். காலையில் மேசைக்கு வருபவருக்குத் தன் ஜன்னல் இரவில் ஐந்தாம் மாடிக்குப் போய்வந்தது தெரியாது. ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்தைப் புதுப்பிப்பதில் இதுதான் உண்மையான கலை என்று சொல்லலாம்: வாடகை ஒரு நாளும் நிற்கக்கூடாது. பெரிய கண்ணாடிப் பெட்டிகளை நகர நெரிசலில் லாரியில் கொண்டுவந்து சேர்ப்பதும், பழையவற்றைக் குப்பைக்கு அனுப்புவதும் இல்லாமல் போனது கூடுதல் லாபம்.

ஜன்னலின் வெப்பத் தடைத்திறன் ஏறத்தாழ மும்மடங்கானது. செலவு 45 லட்சம் டாலர், அதாவது ஒரு ஜன்னலுக்குச் சுமார் 700 டாலர். எதிர்பார்த்த ஆண்டுச் சேமிப்பு 4.1 லட்சம் டாலர். பழைய ஒதுக்கீட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது திரும்பப் பத்து ஆண்டுகள் ஆகும். தனியாக இந்த ஒரு வரியை மட்டும் நிதி அதிகாரியின் மேசையில் வைத்திருந்தால், அவர் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்.

ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்த தடுப்பின் கதையும் அதேதான். கட்டடத்தின் வெப்பம், நகருக்கு மின்சாரமும் நீராவியும் வழங்கும் கான் எடிசன் நிறுவனம் தெருவுக்கடியில் குழாய் வழி அனுப்பும் நீராவியிலிருந்து வருகிறது. அது ஜன்னலுக்குக் கீழேயுள்ள ரேடியேட்டர்களைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி அறைக்குள் வராமல் நேரே பின்சுவருக்குள் போய், வெளிக் காற்றைச் சூடாக்கிக் கொண்டிருந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியேட்டர்களின் பின்னால் வெப்பத்தைத் திருப்பும் காப்புத் தடுப்பு வைத்து, ரேடியேட்டர்களைத் துப்புரவு செய்து, பின்புறம் இருந்த வெப்ப உணரியை அறையை நோக்கி முன்பக்கம் மாற்றினார்கள். இதற்கு 27 லட்சம் டாலர். ஆண்டுச் சேமிப்பு 1.9 லட்சம். திரும்பி வரப் பதினான்கு ஆண்டுகள். இதுவும் தனியாக நின்றால் தேறாது.

வாங்காத இயந்திரம்

இப்போது மையத்துக்கு வருவோம். புதுப்பிப்பின் பழைய திட்டத்தில் குளிரூட்டும் நிலையத்தை முழுவதும் மாற்றுவதற்கு 2.24 கோடி டாலர் ஒதுக்கப்பட்டிருந்தது. நியாயமான ஒதுக்கீடுதான். இயந்திரங்கள் வயதானவை, இன்றைய அலுவலகங்களில் கணினியும் சர்வரும் அடர்த்தியான இருக்கைகளும் பழைய காலத்தைவிடக் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகின்றன, ஆகவே திறனையும் கூட்ட வேண்டும் என்பதே பொறியாளர்களின் இயல்பான சிந்தனை.

ஆனால் மாதிரி வேறொன்றைக் காட்டியது. வெயில் ஜன்னல் வழியாகக் குறைவாக நுழைந்தால், விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் எரிந்து குறைந்த சூட்டை வெளிவிட்டால், ஆள் இல்லாத அறைக்கு வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விக்காமல் விட்டால், உச்சக் குளிர்ச்சித் தேவை மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,600 டன் (இங்கே டன் என்பது எடை அல்ல, குளிரூட்டும் திறனின் அலகு) அளவுக்குக் குறைகிறது. அவ்வளவு குறைந்த தேவைக்குப் புதிய, பெரிய இயந்திரம் எதற்கு? பழைய நான்கு மின் குளிரூட்டிகளின் உருளை உடலை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் குழாய்களையும் மோட்டார்களையும் மாற்றி, மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் கருவியும் புதிய கட்டுப்பாடும் சேர்த்தால் போதும் என்றானது. அதற்கு ஆன செலவு 51 லட்சம் டாலர். ஒதுக்கிய 2.24 கோடியில் 1.73 கோடி டாலர் மிஞ்சியது. அதற்கு மேல் ஆண்டுக்கு 6.75 லட்சம் டாலர் சேமிப்பு வேறு.

இந்த 1.73 கோடியை எடுத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். தொடர்புடைய பணிகளுக்குப் பழைய திட்டத்தில் இருந்த மொத்த ஒதுக்கீடு, மின்வசதிக்கான தொகை உட்பட, 9.37 கோடி டாலர். புதிய திட்டத்தின் மொத்தம் 10.69 கோடி. வித்தியாசம் 1.32 கோடி, ஆண்டுச் சேமிப்பு 44 லட்சம், மூன்று ஆண்டுகளில் மீட்சி. குளிரூட்டி விஷயத்தில் மிஞ்சிய தொகை இல்லாதிருந்தால் வித்தியாசம் 3.05 கோடியாக இருந்திருக்கும். மீட்சிக் காலம் ஏழு ஆண்டுகளாக நீண்டிருக்கும். ஏழு ஆண்டு என்பதும் மோசமில்லை. ஆயினும் வணிக உரிமையாளர் ஒருவரைக் கையெழுத்திட வைக்கும் எண் அது அல்ல. பத்து ஆண்டு ஜன்னலும் பதினான்கு ஆண்டு ரேடியேட்டர் தடுப்பும் மூன்று ஆண்டுத் திட்டம் ஒன்றுக்குள் நுழைய முடிந்தது, குளிரூட்டி அவற்றுக்கான நுழைவுச்சீட்டை வாங்கிக் கொடுத்ததால்தான்.

இதற்குள் இன்னொரு நிபந்தனையும் மறைந்திருக்கிறது. குளிரூட்டியை மாற்றும் வேளை நெருங்கியிருந்தது. ஆனால் இன்னும் மாற்றியிருக்கவில்லை. ஓராண்டு முன்னதாகப் பழைய திட்டப்படி புதிய இயந்திரங்களுக்கு ஆணை கொடுத்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய தொகை என்ற ஒன்றே இருந்திருக்காது. ஜன்னலும் பத்து ஆண்டுக் கணக்கோடு தனியாக நின்றிருக்கும். வேலைகளின் வரிசையும் வேளையும் பொருந்தியதுதான் இந்நிகழ்வின் தனித்தன்மை. நடைமுறையில் பெரும்பாலான கட்டடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. இயந்திரம் பழுதானதும் முதலில் அதை மாற்றுகிறார்கள், அதுவும் பாதுகாப்புக்காகச் சற்றுப் பெரியதாக. கண்ணாடியும் விளக்கும் சில ஆண்டுகள் கழித்து வருகின்றன. அப்போது அளவுக்கு மீறிப் பெரிதான இயந்திரம் அரைச் சுமையில், குறைந்த திறனில் ஓடிக் கொண்டிருக்கும்.

குளிர்ச்சியோடு மின்சாரத்தின் உச்சத் தேவையும் 3.5 மெகாவாட் குறையும் என்று கணக்கிட்டார்கள். பழைய கட்டடத்தில் மின் வழங்கலைக் கூட்டுவது எவ்வளவு தொல்லை என்பதை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும்.

காற்றும் கட்டுப்பாடும்

காற்றைக் கையாளும் அலகுகளுக்கு ஒதுக்கீடு ஏற்கெனவே 4.48 கோடி டாலராக இருந்தது, அது 4.72 கோடியாக உயர்ந்தது. ஒரு தளத்துக்குக் கூரையில் தொங்கும் நான்கு அலகுகள் என்றிருந்த பழைய யோசனைக்குப் பதிலாக, தரையில் நிற்கும் இரண்டு அலகுகள், அதுவும் தேவைக்கேற்பக் காற்றின் அளவை மாற்றக்கூடியவை. செலவில் சிறு கூடுதல், சேமிப்பில் ஆண்டுக்கு 7.02 லட்சம் டாலர். ஆனால் வாடகைதாரர் உணர்வது வேறு: தலைக்கு மேல் இரைச்சல் குறைவு, பராமரிப்புக்காக ஏணியோடு அலுவலகத்துக்குள் வரும் ஆட்கள் குறைவு, கூரை உயரமும் சற்றுக் கூடுதல்.

எட்டில் மிகப்பெரிய பங்கான 9 சதவீதம் கட்டுப்பாட்டு அமைப்பிலிருந்து வந்தது என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். புகைப்படம் எடுக்க அதில் எதுவும் இல்லை. பழைய காற்றழுத்தக் கட்டுப்பாடுகளையும் ஆங்காங்கே ஒட்டுப்போட்ட கருவிகளையும் அகற்றி, எல்லாவற்றையும் கணினி வழி இணைத்து, எந்த வால்வு எப்போது திறக்கிறது என்பதைக் கண்காணிக்கும் வேலை அது. வெப்பமூட்டலும் குளிரூட்டலும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று போட்டியிடுவது பழைய கட்டடங்களில் அரிதல்ல. அதை நிறுத்துவதற்கு எந்தப் புதிய இயந்திரமும் தேவையில்லை. அறையில் ஆட்கள் இருக்கிறார்களா என்பதைக் கரியமில வாயுவின் அளவைக் கொண்டு அறிந்து வெளிக்காற்றைத் திறக்கும் உணரிகள் இந்த அமைப்போடு சேர்ந்தே வந்தன. லிப்டுகளை ஓட்டிஸ் நிறுவனம் பின்னர் நவீனப்படுத்தியபோது, இறங்கும் லிப்டின் ஆற்றலை மின்சாரமாகக் கட்டடத்துக்கே திருப்பும் இயக்கிகளும் பொருத்தப்பட்டன.

வாடகைதாரரின் பங்கு

எட்டுப் பணிகளில் விளக்கும் மின்கருவிகளும், ஆற்றல் கண்காணிப்பும், காற்றோட்டமும் வாடகைதாரரின் இடத்துக்குள் நடப்பவை. 38இல் 11 சதவீதம் அவர்களுடையது. அதாவது சேமிப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானது உரிமையாளரின் கையில் இல்லை.

வணிகக் கட்டடங்களின் பழைய முடிச்சு இங்கேதான் விழுகிறது. விளக்கையும் உணரியையும் பொருத்தும் செலவு ஒருவருடையது, மின்கட்டணக் குறைவு மற்றொருவருடையது. மின்சாரத்தைச் சதுர அடிக் கணக்கில் வாடகையோடு சேர்த்து வாங்கினால், மாலையில் விளக்கை அணைக்கும் வாடகைதாரருக்கும் அணைக்காதவருக்கும் ஒரே கட்டணம். ஆகவே தனித்தனி மீட்டர் வைப்பதும், ஒவ்வொருவரும் தம் நுகர்வைத் திரையில் பார்க்க வசதி செய்வதும் தொடங்கின. இதற்கு ஆன செலவு 3.65 லட்சம் டாலர், எதிர்பார்த்த ஆண்டுச் சேமிப்பு 3.96 லட்சம். முழுப் பட்டியலிலும் ஓர் ஆண்டுக்குள் திரும்பும் ஒரே வரி இதுதான். கண்ணாடிக்கும் குழாய்க்கும் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட மீட்டருக்கு எவரும் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

விளக்கு வேலைக்கு 1931இன் 28 அடி உதவிக்கு வந்தது. ஜன்னலருகே உயரமான அறைத்தடுப்புகளை நீக்கி, மேசைத் தடுப்புகளைத் தாழ்த்தினால், பகல் வெளிச்சம் ஏறத்தாழ நடுப்பகுதி வரை எட்டும். வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மங்கும் விளக்குகளும், ஆளில்லாவிட்டால் அணையும் மேசை இணைப்புகளும் அதற்கு மேல் சேர்ந்தன. 1970, 80களில் கட்டிய ஆழமான தளங்களில் இதே உத்தி இந்த அளவுக்குப் பலிக்காது. அங்கே நடுவில் இருப்பவருக்கு வெயில் என்பது செய்தி மட்டுமே.

வாடகைதாரர் பகுதிக்கான ஒதுக்கீடு 1.61 கோடியிலிருந்து 2.45 கோடி டாலராக உயர்ந்தது. எதிர்பார்த்த ஆண்டுச் சேமிப்பு 9.41 லட்சம், எட்டிலும் மிக அதிகம். ஆனால் இப்பணத்தை ஒரே ஆண்டில் செலவிட முடியாது. ஒவ்வொரு குத்தகையும் முடியும் வரை காத்திருந்து, இடம் காலியானதும் புதிய விதிப்படி அமைத்துக் கொடுக்க வேண்டும். சிறு அறைகளை ஒன்றாக்கிப் பெரிய தளங்களாக மாற்றும் வணிகத் திட்டம் இதற்கு வசதியாக அமைந்தது. தளம் எப்படியும் வெறுமையாக்கப்படுகிறது என்றால் விளக்கையும் காற்றையும் அப்போதே சரிசெய்வது மலிவு. 32ஆம் தளத்துக்கு வந்த ஸ்கன்ஸ்கா நிறுவனத்தின் அலுவலகம், பசுமைக் கட்டடங்களுக்குத் தரப்படும் லீட் சான்றின் பிளாட்டினம் நிலையைப் பெற்றது. முழுக் கட்டடமும் 2011இல் லீட் கோல்டு சான்று பெற்றது. லிங்க்ட்இன், கோட்டி போன்ற பெரிய நிறுவனங்கள் பல தளங்களை எடுத்தன. புதுப்பித்த மண்டபமும் அமைதியான காற்றும் சான்றிதழும் இதில் எந்த அளவுக்குப் பங்காற்றின என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றும் சேர்ந்து வந்ததால் பிரிக்கும் தேவையும் உரிமையாளருக்கு இருக்கவில்லை.

ஒப்பந்தமும் விளைவும்

ஜன்னல், ரேடியேட்டர், குளிரூட்டி, கட்டுப்பாடு ஆகியவற்றை உள்ளடக்கிய சுமார் 2 கோடி டாலர் வேலையை ஜான்சன் கன்ட்ரோல்ஸ் சேமிப்பு உத்தரவாத ஒப்பந்தமாக ஏற்றது. சொன்ன அளவு சேமிப்பு வராவிட்டால் குறையை ஒப்பந்ததாரரே ஈடுகட்ட வேண்டும். முதல் ஆண்டில் உத்தரவாதத்தைவிட 5 சதவீதம் கூடுதலாக, 24 லட்சம் டாலர் சேமிப்பு கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் கூடுதல் சுமார் 4 சதவீதம். மூன்றாம் ஆண்டில் 15.9 சதவீதம், தொகை 28 லட்சம். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 75 லட்சம் டாலர்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். 75 லட்சம் என்பது உத்தரவாதத்துக்கு உட்பட்ட பகுதியின் சேமிப்பு. ஆண்டுக்கு 44 லட்சம் என்பது எல்லா வாடகைதாரர் தளங்களும் மாற்றப்பட்ட பிறகான முழுக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்டுத் திட்டம் தோற்றது என்று சொல்வதும் தவறு. முதலாவதைக் காட்டி இரண்டாவது நிறைவேறிவிட்டது என்று சொல்வதும் தவறு. 2011இல் தொடங்கி ஆண்டுக்கு 5.5 கோடி யூனிட் அளவுக்குக் காற்றாலை மின்சாரச் சான்றுகளை வாங்கியதையும் இதோடு கலக்கக்கூடாது. அது நல்ல காரியம்தான். ஆனால் கட்டடத்துக்குள் ஒரு விளக்கைக்கூட அது அணைக்கவில்லை.

பிற உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றும் உண்டு. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வருவாயில் குறிப்பிடத்தக்க பங்கு, காட்சி மேடைக்கு நுழைவுச்சீட்டு வாங்கும் பயணிகளிடமிருந்து வருகிறது. குத்தகைகள் ஒவ்வொன்றாக முடியும் வரை பொறுமையாகக் காத்திருக்க அந்த வருவாய் ஒரு தெம்பைத் தந்தது. வாடகையை மட்டும் நம்பி, வங்கிக் கடனில் நிற்கும் பத்து மாடிக் கட்டடத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. எனினும் குளிர்ச்சித் தேவையை முதலில் குறைத்துவிட்டு இயந்திரத்தின் அளவைப் பிறகு முடிவு செய்வதற்கு எந்தக் காட்சி மேடையும் வேண்டியதில்லை.

தீராமல் நின்றது வெப்பம். 2009இன் தொகுப்பு ரேடியேட்டரின் பின்னால் தடுப்பு வைத்தது, ஜன்னலின் கசிவைக் குறைத்தது. ஆனால் தெருவடி நீராவியை அப்படியே விட்டது. அன்றைய விலையிலும் விதியிலும் அதைத் தொடுவதற்குக் காரணம் இல்லை. 2019இல் நியூயார்க் நகரம் இயற்றிய 97ஆம் எண் சட்டம் அந்த நிலையை மாற்றியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் உமிழ்வுக்கு 2024 முதல் வரம்பு, 2030 முதல் இன்னும் இறுக்கமான வரம்பு, வரம்பை மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். நீராவியும் அந்தக் கணக்கில் ஏறுகிறது. 2009இல் மின்கட்டணத்தோடு மட்டும் ஒப்பிட்டு ஓரங்கட்டப்பட்ட யோசனைகளை இனி அபராதத்தோடும் ஒப்பிட்டாக வேண்டும். அறுபது யோசனைகளின் பட்டியல் மீண்டும் மேசைக்கு வருகிறது, இம்முறை நீராவிக் குழாயின் பக்கத்திலிருந்து.